இடது பக்கம் எங்க கொல்லை

பாருங்க தங்கச்சி, நம்ம டிரைவர் எத்தனை தடவை ஹாரன் அடிச்சுட்டாரு. முன்னாடி போற லாரிக்காரன் அசையுறானா பாருங்க. அசைய மாட்டான். வலது பக்கத்தைப் புடிச்சுட்டான்னா, அவன் பாட்டன் எழுதி வச்ச சொத்து மாதிரி உருட்டிக்கிட்டே போவான். பின்னாடி ஒரு பஸ் வருதே, அதுல அம்பது பேரு இருக்காங்களே, ஆஸ்பத்திரிக்குப் போறவங்க இருப்பாங்க, கோர்ட்டுக்குப் போறவங்க இருப்பாங்கன்னு ஒரு நெனப்பு வேணாம்?

நாலு வழி ரோடு எதுக்குப் போட்டாங்க? மெதுவாப் போறவன் இடது பக்கம் போகணும். வலது பக்கம் முந்திப் போறவனுக்கு. முந்திட்டு மறுபடி இடது பக்கம் வந்துரணும். அஞ்சாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவ நான், எனக்கே தெரியுது. லைசென்ஸ் வாங்கினவனுக்குத் தெரியல.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? எங்க மாப்பிள்ளை சொல்லிக் குடுத்தது. மெட்ராசுல சொந்தமா கார் வச்சு வாடகைக்கு ஓட்டினாரு. கதிரேசன்னு பேரு. சாதுவான மனுசன். சோத்துல உப்பு இல்லைன்னாலும் சொல்ல மாட்டாரு. ஆனா ரோட்டுல எவனாவது வலது பக்கம் மெதுவாப் போயிட்டா அவருக்குப் பொறுக்காது. "அத்தை, இவனுங்களாலதான் பாதி சாவு"ம்பாரு. "வேகமாப் போறவனைத்தான் எல்லாரும் திட்டுறாங்க, வழியை மறிச்சுக்கிட்டுப் போறவனை யாரும் கேக்குறதில்ல"ம்பாரு. கடைசியில அவருக்கே அப்படி ஆயிப்போச்சு.

ஆமா தங்கச்சி, போயிட்டாரு. போன மார்கழிக் கடைசியில. போகிக்கு மொத நாளு. அந்தக் கேசுக்குத்தான் இப்ப போறேன். லாரிக்காரன் மேல கேசு. நான் சாட்சி. பதினோரு மணிக்குக் கூண்டுல ஏறணும்.

எங்க வீட்டுக்காரர் வரல. அவரு போன வாய்தாவுலயே ஏறிச் சொல்லிட்டாரு. இன்னைக்கு நான் ஒருத்தி, என் மக ஒருத்தி. அவளும் கார்லதான் இருந்தா. தோள்பட்டை எலும்பு முறிஞ்சு, பிளேட்டு வச்சுப் பிழைச்சுக்கிட்டா. சுகந்தின்னு பேரு. ஒரே மக எனக்கு. அவ என்கூடப் பேசி ஒரு வருசம் ஆகுது.

சண்டை எல்லாம் இல்ல. சண்டை போட்டாத்தான் தேவலையே. போன் பண்ணினா எடுக்கிறதில்ல. மாப்பிள்ளை வீட்டுலதான் இருக்கா, ஓடைப்பட்டியில. போய்க் கதவைத் தட்டினா, அவ நாத்தனா வந்து, "தூங்குறா அத்தை"ங்குறா. பகல் பன்னெண்டு மணிக்கு என்ன தூக்கம்? சோறு கட்டிட்டுப் போவேன், கருவாட்டுக் குழம்புன்னா உசுரு அவளுக்கு. தூக்குச்சட்டி மறுநாள் கழுவி, காலியா, எவன் கையிலயாவது வந்து சேரும். தின்னாளா, நாய்க்குப் போட்டாளான்னு தெரியாது. தலையில அடிபட்டிருக்கும், அதான் இப்படி இருக்கான்னு நான் சொல்றேன். டாக்டர் இல்லைங்குறாரு. டாக்டருக்கு என்ன தெரியும்?

இந்த பஸ் ஓடைப்பட்டி விலக்குல நிக்கும். அவளும் இதுலதான் வரணும். இதை விட்டா அடுத்தது பன்னெண்டு மணிக்குத்தான். அதனாலதான் தங்கச்சி, இதுக்கு முன்னாடியே, அங்க நிக்காத பஸ் ஒண்ணு வந்தும் ஏறாம நின்னு, இதுல வந்தேன்.

என்ன கேட்டீங்க? பஸ்ஸு ஏன் இடது பக்கமாப் போகலைன்னா?

இடது பக்கம் எப்படிப் போகும், சோளம் காயுதில்ல? சன்னல் வழியா எட்டிப் பாருங்க. மஞ்சளாத் தெரியுதே, மக்காச்சோளம். இது எங்களுது இல்ல, இது பக்கத்து ஊர்க்காரங்களுது. எங்களுது அங்கேயே தாண்டிட்டோம். பச்சைத் துண்டைத் தலையில கட்டிக்கிட்டு ஒருத்தரு காலால துழாவி விட்டுக்கிட்டு நின்னாரே, அவருதான் எங்க வீட்டுக்காரர். அதான் வரல. ஆள் இல்லைன்னா எவனாவது சோளத்து மேலயே வண்டிய ஏத்திட்டுப் போயிடுறான், தங்கச்சி. மனசாட்சி கெடையாது.

நீங்க டவுன்காரங்க, உங்களுக்குப் புரியாது. இந்த ரோடு எங்க கொல்லை. மெய்யாத்தான் சொல்றேன். எங்க மாமனார் காலத்துல இருந்து நாங்க உழுத கொல்லை. நாலு வழி ஆக்குறேன்னு வந்து அளந்து, கல்லு நட்டு எடுத்துக்கிட்டாங்க. எங்க கொல்லை எதுல போச்சு தெரியுமா? சரியா இந்த இடது பக்கத்துல. அறுபதாம் நம்பர் கல்லுல இருந்து புளியமரம் வரைக்கும் எங்களுது. அதுக்கு அந்தாண்ட எங்க பங்காளிது. அதுக்கும் அந்தாண்ட பூசாரி வீட்டுது. ஒருத்தர் இடத்துல ஒருத்தர் ஒரு கூடை கொட்ட முடியாது, வெட்டுப்பழி ஆயிரும். பஞ்சாயத்துல களம் கட்டித்தான் விட்டிருக்காங்க. அதுல முறை வர்றதுக்குள்ள சோளம் பூஞ்சணம் பூத்துப் போயிரும். தாரு ரோட்டுல ரெண்டே வெயிலு, கலகலன்னு காஞ்சிரும்.

சும்மா போடுறதில்ல. சுத்தியும் கல்லு வைப்போம். நல்ல தலையளவு கல்லு. அப்பத்தான் வண்டிக்காரன் பயப்படுவான்.

சிரிக்காதீங்க. இந்தக் கண்டக்டரும் இப்படித்தான். ஏறும்போதே கேட்டேன், "ஏம்ப்பா, பதினோரு மணிக்குள்ள கோர்ட்டுல இறக்கி விட்டுருவியா"ன்னு. "உங்க ஊரு சோளத்தை அள்ளிட்டீங்கன்னா பத்து நிமிசத்துல இறக்கி விடுறேன் யக்கா"ங்குறான். வாய்க்கொழுப்பு.

அன்னைக்கு என்ன ஆச்சுன்னா, மெட்ராசுல இருந்து காலையிலயே கெளம்பிட்டாங்க ரெண்டு பேரும். மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்க இருக்கணும்னு நான் சொல்லியிருந்தேன். நாட்டுக்கோழி அடிச்சு, சோறு வடிச்சு வச்சுட்டு சோளத்துக்கிட்ட வந்து நின்னுக்கிட்டேன். எங்க வீட்டுக்காரர் சாப்பிடப் போகணும், நான் காவலுக்கு நிக்கணும். மணி ரெண்டு ஆச்சு, ரெண்டரை ஆச்சு, ஆளைக் காணோம். எனக்கு இருப்புக் கொள்ளாது தங்கச்சி, அது என் சுபாவம். பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை போன் போட்டேன். சுகந்திதான் எடுத்து, மாப்பிள்ளைக்கும் கேக்குற மாதிரி ஸ்பீக்கர்ல போடுவா. "எங்க வர்றீங்க? கோழி ஆறிப் போச்சு. எங்க வர்றீங்க?"

ஒரு தடவை அவ கேட்டா: "அம்மா, இந்த வருசமும் ரோட்டுலயா காயுது?"

அதுக்கு முந்தின வருசம் வந்தப்பவே பெரிய சண்டை போட்டுட்டா. "யாராவது வந்து மோதிச் சாகப் போறாங்க, கொலைப்பழி உங்களுக்கு"ன்னு ஊரே கேக்குற மாதிரிக் கத்தினா. நல்ல நாளும் அதுவுமா வர்ற புள்ளைகிட்ட என்னத்துக்கு மறுபடியும் வாக்குவாதம்னு, "இல்லடி, களத்துலதான் காயுது"ன்னு சொல்லிட்டேன். சண்டை வரக் கூடாதுன்னு சொன்னது. தாய் மனசு. உங்களுக்குப் புள்ளை இருக்கா? அப்ப உங்களுக்குத் தெரியும்.

கடைசித் தடவை போன் போட்டப்ப மாப்பிள்ளை பேசினாரு. "வந்துட்டோம் அத்தை. நம்ம ஊருகிட்டதான் வர்றோம். ஒரு லாரிக்காரன் வலது பக்கமே உருட்டிக்கிட்டுப் போறான், ரெண்டு கிலோமீட்டரா விட மாட்டேங்குறான்." எனக்கு வந்துச்சே கோவம். "அவன் என்னைக்கு விடப் போறான் மாப்பிள்ளை? எல்லாரும் இடது பக்கமாத்தானே ஏறி வர்றாங்க, நீங்களும் ஏறி வாங்க"ன்னேன்.

வேறென்ன சொல்லுவாங்க? நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? அவரும் பசியில வர்றாரு.

ஏறுனாரு.

நான் புளியமரத்தடியில நின்னேன். லாரிக்குப் பின்னால இருந்து கார் வெளியில வர்றது தெரிஞ்சுச்சு. வெள்ளைக் கார். நல்ல வேகம். கையைத் தூக்கினேன். மாப்பிள்ளை வந்துட்டாருன்னு தூக்கினேனா, நிறுத்தச் சொல்லித் தூக்கினேனா, எனக்கே தெரியல. சோளத்தையும் கல்லையும் பாத்துட்டு மறுபடியும் வலது பக்கம் ஒடிச்சாரு. லாரி அங்கேயேதான் போய்க்கிட்டிருந்துச்சு. கார் முன்பக்கம் அதோட பின்சக்கரத்துக்குள்ள போயிருச்சு. அவரு உக்காந்திருந்த பக்கம். போன் இன்னும் என் காதுலதான் இருந்துச்சு தங்கச்சி. அதுலயும் சத்தம் கேட்டுச்சு, நேருலயும் கேட்டுச்சு.

அந்த லாரிக்காரன் மட்டும் இடது பக்கம் போயிருந்தா, எங்க மாப்பிள்ளை வலது பக்கமா ராசா மாதிரி முந்தி வந்திருப்பாரு. வந்து கோழி தின்னுருப்பாரு. இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

சத்தம் கேட்டு எங்க வீட்டுக்காரர் கையைக் கூடக் கழுவாம ஓடி வந்தாரு. பாத்தாரு. ஊரே வந்துருச்சு. பசங்க கதவை நெளிச்சு சுகந்தியை வெளியில எடுத்து நடுத்திட்டுல உக்கார வச்சாங்க. மாப்பிள்ளைய எடுக்க முடியல. அப்ப எங்க வீட்டுக்காரர் என் காதுகிட்ட வந்து, "போலீசு வர்றதுக்குள்ள அள்ளுடி"ன்னாரு.

அள்ளத்தானே வேணும்? ஆம்புலன்ஸ் வரணும், வழி வேணும். எட்டுப் பேரு வந்து கை குடுத்தாங்க. பூசாரி வீட்டுக்காரங்க கூட வந்தாங்க, அவங்களோட எங்களுக்குப் பேச்சே கெடையாது. நல்லது கெட்டதுன்னா எங்க சனம் அப்படி நிக்கும். சாக்கைப் பிரிச்சவன் பிரிச்சான், கூட்டினவன் கூட்டினான். கல்லை எல்லாம் வாய்க்கால்ல தள்ளினாங்க. ஒரு கால் மணி நேரம். ரோடு கழுவி விட்ட மாதிரி ஆயிப்போச்சு.

சுகந்தி பாத்துக்கிட்டே இருந்தா. கை தனியாத் தொங்குது, மூஞ்சியில ரத்தம். அழல. "அம்மா, இங்க வா"ன்னா. சத்தமா எல்லாம் இல்ல. காய்ச்சல்ல படுத்திருக்கும்போது கூப்பிடுவா பாருங்க, அப்படி. "தா வந்துட்டேன் சாமி"ன்னேன். கையில கூடை. இன்னும் ரெண்டு கூடைதான் கெடந்துச்சு. அதை அள்ளிப் போட்டுட்டுத் திரும்புறேன், ஆம்புலன்ஸ்காரங்க அவளைத் தூக்கிட்டாங்க.

அதான் அவ கடைசியாப் பேசினது.

சரி, நடந்தது நடந்துபோச்சு. எங்க வீட்டுக்காரர் புகார் எழுதிக் குடுத்தாரு. லாரி வலது பக்கம் மெதுவாப் போச்சு, மாப்பிள்ளை இடது பக்கம் ஏறுனப்ப சிக்னல் போடாம லாரிக்காரன் இடது பக்கம் ஒடிச்சான்னு. ஏட்டு வந்து படம் வரைஞ்சுக்கிட்டுப் போனாரு. ரோட்டுல எதுவும் இல்ல, அதனால படத்துலயும் எதுவும் இல்ல. ஆஸ்பத்திரியில சுகந்தி "சோளம், கல்லு"ன்னு என்னமோ சொல்லியிருக்கா. மயக்கத்துல பேசுறாங்கன்னு எழுதிட்டாங்க.

லாரிக்காரன் பேரு குழந்தைவேலு. சங்ககிரிப் பக்கமாம். போன வாய்தாவுல பாத்தேன். ஒல்லியா, கன்னம் ஒட்டிப் போய், எங்க அண்ணன் சாயல். வராண்டாவுல என் முன்னாடி வந்து நின்னான். அடிக்கத்தான் வர்றான்னு நெனச்சேன். கையெடுத்துக் கும்பிட்டுட்டு, "அம்மா, இருபத்தி ரெண்டு வருசமா ஓட்டுறேன். அன்னைக்குக் காலையில மொத நடை இதே பக்கமாப் போகும்போது ஓரச் சோளத்துல கொஞ்சம் சக்கரம் பட்டுருச்சு. உங்க வீட்டு அய்யாதான் கம்பை எடுத்துட்டு வந்து கண்ணாடியை ஒடைச்சாரு. அதுக்குப் பயந்துதான் மத்தியானம் ரெண்டாவது நடைக்கு வலது பக்கமே வந்தேன். அது உங்களுக்கே தெரியுமேம்மா"ன்னான்.

எனக்கு என்ன தெரியும்? கண்ணாடி ஒடைச்சது உண்மைதான். ஒரு நாளைக்கு எத்தனை லாரி வருது, எது இவன் லாரின்னு நான் கண்டேனா? "பயமா இருந்தா வேற ரோட்டுல போயிருக்கணும்"னு சொல்லிட்டு வந்துட்டேன். மூணு பொட்டைப் புள்ளைங்களாம். லைசென்ஸைப் புடுங்கிட்டாங்களாம். தண்டனை ஆச்சுன்னா ரெண்டு வருசம் உள்ள இருக்கணுமாம். நானா ஓட்டச் சொன்னேன்?

பத்து நாளைக்கு முன்னாடி ஓடைப்பட்டியில இருந்து போன். சுகந்தி இல்ல, அவ நாத்தனா. "அத்தை, சுகந்தி சொல்லச் சொன்னா. கூண்டுல ஏறி உள்ளதை உள்ளபடி சொன்னீங்கன்னா, அன்னைக்கே உங்க கையப் புடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துருவாளாம். சொல்லலைன்னா, நாளைக்கு அவ செத்தாக் கூட உங்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்னு சொல்லிட்டா."

எப்படி இருக்கு பாருங்க. பெத்தவகிட்ட பேசுற பேச்சா இது? உள்ளதைச் சொன்னா பொய்ப் புகார் குடுத்தாருன்னு எங்க வீட்டுக்காரரை உள்ள போடுவாங்க. சர்க்கரை இருக்கு அவருக்கு. சொல்லலைன்னா மக இல்ல. என் நெலைமையில நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க? ம்? சொல்லுங்களேன்.

நான் சொல்லத்தான் போறேன். வக்கீல் குமாஸ்தா ஒருத்தர் ஊருக்கு வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போனாரு. ரெண்டே வரி. "ரோடு காலியா இருந்துச்சு. லாரிக்காரன் சிக்னல் போடாம ஒடிச்சான்." அதுக்கு மேல எது கேட்டாலும் "ஞாபகம் இல்ல"ங்கணும். வலது பக்கம் மெதுவா வந்தது உண்மைதானே? அவன் மேல தப்பு இருக்குதானே? அதைச் சொல்றதுக்குத் தொணையா இன்னொரு வரி. அது பொய் ஆகுமா? ஆனா அந்த ரெண்டு வரி மனசுல நிக்க மாட்டேங்குது. ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போது சொல்லிப் பாத்தேன், அடுப்படியில சொல்லிப் பாத்தேன். "ரோடு"ன்னதும் நாக்கு ஒட்டிக்குது.

அவளும் யோசிப்பா தங்கச்சி. எத்தனை நாளைக்கு வீம்பு? அப்பன் செயிலுக்குப் போறதைப் பாத்துக்கிட்டு இருப்பாளா? நேருல என் மூஞ்சியைப் பாத்தா மனசு எளகிரும். என் மகளை எனக்குத் தெரியாதா?

விலக்கு வந்துருச்சு. அந்தா நிக்கிறா பாருங்க. நீலச் சேலை. கை ஒரு பக்கம் தூக்குனாப்புல இருக்கே, அவதான். எளச்சுப் போயிட்டா. நெத்தியில ஒண்ணும் இல்லாம எனக்குப் பாக்கவே முடியல. தம்பி, கொஞ்சம் பாத்து ஏத்துப்பா, ஒரு கை சரியில்ல அவளுக்கு!

சுகந்தி! ஏ சுகந்தி! இங்க வாடி, இங்க எடம் இருக்கு.

கேட்டுருச்சு. கேட்டும் கேக்காத மாதிரி கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. நிக்கட்டும். நாம பாட்டுக்குப் பேசிக்கிட்டிருப்போம். கொஞ்சம் சத்தமாவே பேசுவோம், அவளுக்கும் காதுல விழட்டும். நான் கோர்ட்டுல சொல்லப் போறதைக் கேட்டுக்கங்க தங்கச்சி. ரோடு காலியாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு எங்க சோளம் ரோட்டுல ஒரு மணி கூடக் கெடையாது. இந்தா பாருங்க, வாய்ல வந்துருச்சு. ரோடு காலியாத்தான்...

என்னடி? என்ன சாமி கேட்ட? பஸ் சத்தத்துல விழல, இன்னொரு தடவை சொல்லு.

அன்னைக்கு ரோட்டுல அள்ளுனது எத்தனை மூட்டையா?

பதினொண்ணு. பதினோரு மூட்டை தேறுச்சு சாமி. கண்ணாடித் தூளு கலந்துருந்துச்சு, ரெண்டு நாளா உக்காந்து சலிச்சேன், கையெல்லாம் கிழிஞ்சு போச்சு. ஓரத்துல கெடந்தது மட்டும் நனைஞ்சுருந்துச்சு, அதை அள்ளல, அதை அப்படியே விட்டுட்டோம்...

ஏன் எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க? கண்டக்டரு, நீ எதுக்குப்பா வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிற? தங்கச்சி, நீங்களும் எதுக்குத் தள்ளி உக்காருறீங்க?

ஒரு வருசம் கழிச்சு என் புள்ளை வாயைத் திறந்து என்கிட்ட ஒண்ணு கேக்குறா. சொல்லாம எப்படிங்க இருக்கிறது?